பழைய ஸ்போர்ட்ஸ் காரும் புதிய டபள் கெப்பும்: மலைப்பாதையில் ஓர் எளிய ஒப்பீடு

ஏப்ரல் பருவகாலத்தில் நுவரெலியாவில் நடைபெறும் மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டியைப் பார்க்கப் போகிறவர்கள், கூரை மடிக்கப்பட்ட பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றையும், அதற்குப் பக்கத்தில் உயர்ந்து நிற்கும், இரு வரிசை ஆசனங்களும் திறந்த பின்தட்டும் கொண்ட புதிய டபள் கெப் ஒன்றையும் ஒரே வீதியோரத்தில் காணக்கூடும். இவற்றில் எது வேகமானது, எது பலமானது என்ற கேள்வி இயல்பாகவே எழும். வாகனங்களைப் பற்றி இப்போதுதான் அறியத் தொடங்கும் ஒருவர், விபரத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும் குதிரைவலு எண்ணைப் பார்த்து அதற்கு விடை சொல்லிவிடலாம் என்றே நினைப்பார். அந்த எண்ணில் பிழையில்லை. ஆயினும் மலைநாட்டு வீதியில் ஒரு வாகனம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது மிகக் குறைவாகவே சொல்கிறது. வாகனத்தின் நிறை எவ்வளவு, அந்த நிறை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்னும் இரண்டு விபரங்களும் அதைவிட அதிகம் சொல்கின்றன.

ஒப்பிடுவதற்கு எல்லோருக்கும் அறிமுகமான இரண்டு வாகனங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார். அதன் ஆரம்பகாலத் திறந்த காரின் நிறை ஏறக்குறைய 920 கிலோகிராம். 1,798 கன சென்ரிமீற்றர் பெற்றோல் எஞ்சின் நிமிடத்துக்கு 5,400 சுற்றுகளில் சுமார் 95 குதிரைவலுவைத் தந்தது. மற்றொன்று, 2020 ஆம் ஆண்டில் மேம்படுத்தப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ் டபள் கெப். அதன் 2.8 லீற்றர் டேர்போ டீசல் எஞ்சின் 204 குதிரைவலுவைத் தருகிறது. இரட்டைக் கதவு வரிசை கொண்ட வண்டியின் நிறை ஏறக்குறைய 2,100 கிலோகிராம்.

இப்போது 80 கிலோகிராம் நிறையுள்ள சாரதி ஒருவரை இரண்டிலும் அமர்த்தி, மொத்த நிறையால் வலுவை வகுத்துப் பாருங்கள். எம்.ஜி.பி.க்கு ஒரு தொன்னுக்கு 95 குதிரைவலு கிடைக்கிறது; கெப்புக்கு ஏறக்குறைய 94. இரண்டும் ஒன்றே எனலாம். நேரான வீதியில் ஒரு வாகனம் எவ்வளவு விரைவாக வேகம் எடுக்கும் என்பதைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பது இந்த விகிதம்தான். தனி வலுவோ தனி நிறையோ அதைத் தீர்மானிப்பதில்லை. உண்மையில் நேர் வீதியில் கெப்தான் முந்தும். ஓய்விலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை எட்டுவதற்கு அதற்குப் பத்து வினாடியளவு போதும், எம்.ஜி.பி.யோ அதற்குச் சற்றுக் குறைந்த 60 மைல் வேகத்தை எட்டவே பன்னிரண்டு வினாடியளவு எடுத்துக்கொண்டது. ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே மின்னல் வேகம் என்று எண்ணியிருப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். அந்தக் காரின் சிறப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. அதற்கு வருமுன் முறுக்குவிசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

முறுக்குவிசை என்பது எஞ்சின் தன் தண்டைச் சுழற்றும் பலம். அது நியூட்டன் மீற்றரில் அளக்கப்படுகிறது. வலு என்பது அந்தப் பலத்தையும் சுழலும் வேகத்தையும் சேர்த்த அளவு: முறுக்குவிசையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 9,549 ஆல் வகுத்தால் வலு கிலோவாற்றில் கிடைக்கும். எம்.ஜி.பி.யின் உச்ச முறுக்குவிசை சுமார் 149 நியூட்டன் மீற்றர். அது 3,000 சுற்றுகளுக்கு அண்மையில் கிடைக்கிறது. தன்னியக்கக் கியர் பொருத்தப்பட்ட ஹைலக்ஸ், 1,600 சுற்றுகளிலிருந்து 2,800 சுற்றுகள் வரை 500 நியூட்டன் மீற்றரைத் தருகிறது. எனவே 2,000 சுற்றுகளில் கெப்பின் எஞ்சின் ஏறக்குறைய 105 கிலோவாற்றைத் தரும்போது, எம்.ஜி.பி.யின் எஞ்சினால் அதே சுற்றுகளில் 30 கிலோவாற்றைக்கூட எட்ட முடிவதில்லை. கெப்பைச் செலுத்துகிறவர் கினிகத்தேனை ஏற்றத்தில் எஞ்சினை உறும விடாமலேயே ஏறிப் போவதற்கும், எம்.ஜி.பி.யைச் செலுத்துகிறவர் கியரைக் குறைத்துச் சுற்றுகளை உயர்த்திக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதற்கும் காரணம் இதுவே. பழைய காரில் வலு இருக்கிறது. சாரதிதான் கியரைக் கொண்டு அதைத் தேடி எடுக்க வேண்டும். அந்த வேலையில் இன்பம் காண்பவர்கள் ஸ்போர்ட்ஸ் காரை விரும்புகிறார்கள். கொழுந்து மூட்டைகளுடன் நாளைக்குப் பலமுறை ஏறி இறங்க வேண்டிய ஒருவருக்கு அது இன்பமாக இருக்க நியாயமில்லை.

மலைநாட்டில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள குளிரைக் கருத்திற்கொண்டாலும், அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பில் உள்ளதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் எரிபொருளை எரிப்பதற்குக் காற்று வேண்டும். தானாக உறிஞ்சும் காற்றை மட்டுமே நம்பியிருக்கும் பழைய எஞ்சின், காற்றுக் குறையும் அதே அளவுக்குத் தன் வலுவையும் இழக்கிறது. கொழும்பில் 95 குதிரைவலுவாக இருப்பது நுவரெலியாவில் சுமார் 80 ஆகிவிடும். டேர்போ பொருத்தப்பட்ட எஞ்சினில், வெளியேறும் புகையின் விசையால் சுழலும் சிறு விசிறியொன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. காற்று மெலிந்தால் அது இன்னும் வேகமாகச் சுழன்று குறையைப் பெருமளவுக்கு ஈடுசெய்கிறது. கண்டியிலிருந்து புறப்படும்போது வலுவுக்கும் நிறைக்கும் இடையிலான விகிதத்தில் ஏறக்குறைய சமமாக இருந்த இரு வாகனங்களும் லபுக்கலையைத் தாண்டும்போது சமமாக இருப்பதில்லை.

காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவியான பழைய காரின் காபுரேட்டருக்கு இதில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. எம்.ஜி.பி.யில் எஸ்.யூ. வகைக் காபுரேட்டர்கள் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் அசையும் ஒரு பிஸ்டனும், அதன் அடியில் ஒரு நீண்ட ஊசியும் உள்ளன. பிஸ்டன் உயர உயர, ஊசி துவாரத்திலிருந்து வெளியேறி அதிக பெற்றோலை அனுமதிக்கிறது. காற்று மெலிந்த உயரத்தில் அதே பெற்றோல் அளவு மிகையாகிவிடும். இதைச் சோதிக்கும் முறை அழகானது. எஞ்சின் சும்மா ஓடும்போது, காபுரேட்டரின் அடியில் உள்ள சிறு கம்பியை விரலால் மெல்ல மேலே தள்ளிப் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு உயர்த்த வேண்டும். எஞ்சினின் சத்தம் உயர்ந்து அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். எஞ்சின் தடுமாறி அணையப் பார்த்தால் பெற்றோல் குறைவு. சற்று உயர்ந்து உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் அளவு சரி. அடியில் உள்ள அறுகோண நட்டை அதன் ஆறு பக்கங்களில் ஒரு பக்க அளவுக்கு மட்டும் திருப்புவதே பெரும்பாலும் போதுமான திருத்தமாக இருக்கும். நுவரெலியாவில் இப்படித் திருத்திய காரைக் கொழும்புக்குக் கொண்டு சென்றால், அடர்ந்த காற்றில் பெற்றோல் போதாமல் எஞ்சின் அளவு மீறிச் சூடாகும். ஆகவே அங்கே மீண்டும் திருத்த வேண்டும். புதிய கெப்பில் உணரிகளும் கணினியும் இந்த வேலையை ஒவ்வொரு வினாடியும் செய்துகொண்டிருக்கின்றன.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் புதிய வாகனமே மேலானது. வளைவுக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது.

ஒரு வாகனம் வளைவில் திரும்பும்போது, அதை நேராகப் போகவிடாமல் உள்பக்கமாக இழுத்துப் பிடிக்கும் விசை டயருக்கும் வீதிக்கும் இடையிலான உராய்விலிருந்து மட்டுமே வருகிறது. எவ்வளவு விசை தேவை என்பது நிறையையும், வேகத்தின் வர்க்கத்தையும், வளைவு எவ்வளவு இறுக்கமானது என்பதையும் பொறுத்தது. ஹுன்னஸ்கிரியவிலிருந்து மஹியங்கனைக்கு இறங்கும் 18 வளைவு வீதியில் இருப்பதைப் போன்ற ஒரு கொண்டை ஊசி வளைவை, 12 மீற்றர் ஆரையுள்ளதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் அதைக் கடக்கும் வாகனத்துக்குத் தன் நிறையின் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சமமான விசை தேவைப்படும். வேகம் 35 ஆனால் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகி, நிறையின் ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடும்; அது உலர்ந்த வீதியில் நல்ல டயர் தரக்கூடிய எல்லைக்கு மிக அண்மையானது. மூடுபனியால் நனைந்த வீதியில் அந்த எல்லை இன்னும் வெகு கீழே இறங்கிவிடும். வேகமானியில் வெறும் 10 கிலோமீற்றராகத் தெரியும் வித்தியாசம், டயரிடம் இரண்டு மடங்கு வேலை கேட்கிறது என்பதைப் புதிதாக வாகனம் செலுத்தக் கற்பவர் எவரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இந்த விசை தரையில் தாக்குகிறது. வாகனத்தின் நிறையோ தரைக்கு மேலே, புவியீர்ப்பு மையம் என்று நாம் கற்பனை செய்துகொள்ளும் ஒரு புள்ளியில் இருப்பதைப் போலச் செயற்படுகிறது. இரண்டுக்கும் இடையிலான உயர வித்தியாசம் வாகனத்தை வெளிப்பக்கமாகச் சாய்க்கிறது. உள்பக்கச் சில்லுகளின் மீதிருந்த பாரம் வெளிப்பக்கச் சில்லுகளுக்கு மாறுகிறது. டயர் ஒன்றின் மீது பாரத்தை இரட்டிப்பாக்கினால் அதன் பிடிமானம் இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடுகிறது; ஆகவே பாரம் ஒரு பக்கமாக ஒதுங்க ஒதுங்க, நான்கு டயர்களும் சேர்ந்து தரும் மொத்தப் பிடிமானம் குறைகிறது. மலைப்பாதையில் ஸ்போர்ட்ஸ் காரை வேறுபடுத்துவது இந்த இடம்தான். எம்.ஜி.பி.யின் முழு உயரமே சுமார் 1.25 மீற்றர், அதில் அமர்ந்திருப்பவர் கதவுக்கு மேலாகக் கையை நீட்டினால் ஏறக்குறைய வீதியைத் தொட்டுவிடலாம். எஞ்சின், ஆசனம், எரிபொருள் தாங்கி அனைத்தும் தரையை ஒட்டியே இருக்கின்றன. நிறையும் முன்சில்லுகளுக்கும் பின்சில்லுகளுக்கும் இடையே ஏறக்குறைய சமமாகப் பகிரப்பட்டிருக்கிறது. ஹைலக்ஸ் சுமார் 1.8 மீற்றர் உயரமானது. உறுதியான இரும்புச் சட்டகம் ஒன்றின் மீது அறையும் பின்தட்டும் தனித்தனியே ஏற்றப்பட்டிருக்கின்றன. குழியும் கல்லும் நிறைந்த தோட்டப் பாதையில் அடி தட்டாமல் போவதற்காக அந்தச் சட்டகமும் உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. தோட்டத்து லயங்களுக்குப் போகும் வீதியில் அந்த உயரம் இல்லாமல் முடியாது. அதே உயரத்துக்கான விலையை அது தார் வீதியின் ஒவ்வொரு வளைவிலும் செலுத்துகிறது.

திருப்பத்துக்கான இடமும் அப்படியே. எம்.ஜி.பி.யின் முன், பின் சில்லுகளுக்கு இடையிலான தூரம் 2.31 மீற்றர், அது ஏறக்குறைய 10 மீற்றர் விட்டத்துக்குள் முழு வட்டமடித்துவிடும். கெப்பில் அந்தத் தூரம் 3.08 மீற்றருக்கு மேல், வட்டத்துக்கு 12 மீற்றருக்கும் அதிகமான அகலம் வேண்டும். குறுகிய கொண்டை ஊசி வளைவில் கெப் எதிர்ப்பக்கத்துக்குள் நுழைந்தே திரும்ப நேர்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். சாரதியின் அவசரம் மட்டும் அதற்குக் காரணமாகாது.

இவ்வளவு வேறுபாடுகளுக்கு நடுவே, பின்புறத்தில் இரண்டும் ஒரே ஏற்பாட்டைக் கொண்டிருப்பது பலருக்கு வியப்பைத் தரும். எம்.ஜி.பி.யிலும் ஹைலக்ஸிலும் பின்சில்லுகள் ஒரே கெட்டியான அச்சில் பொருத்தப்பட்டு, பட்டை வில்லுகளின் மீது தாங்கப்படுகின்றன. உடலமைப்பில் பழைய காரே ஒரு படி முன்னே நிற்கிறது: அதன் உடலே சட்டகமாகவும் அமைந்திருக்கிறது; கெப்போ இன்றும் லொறியைப் போல் தனிச் சட்டகத்தையே நம்பியிருக்கிறது. வித்தியாசம் வில்லின் இறுக்கத்தில் இருக்கிறது. காரின் வில்லு இரண்டு பேரையும் அவர்களது பைகளையும் தாங்கினால் போதும். கெப்பின் வில்லு ஒரு தொன் அளவிலான பாரத்தைத் தாங்க வேண்டும். ஆகவே பின்தட்டு வெறுமையாக இருக்கும்போது அது அளவுக்கு மீறி விறைப்பாக இருக்கும். பள்ளம் மேடான ஈர வளைவில் வெறும் கெப்பின் பின்பக்கம் துள்ளி வெளிப்பக்கமாக ஒதுங்கப் பார்ப்பது இதனால்தான்.

ஏற்றத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். மலைநாட்டில் உயிரை எடுப்பது பெரும்பாலும் இறக்கமே என்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உயரத்தில் நிற்கும் ஒவ்வொரு வாகனத்திலும் அழுத்தசக்தி சேமிக்கப்பட்டிருக்கிறது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாகக் கண்டிக்கு இறங்கும்போது உயரம் ஏறக்குறைய 1,350 மீற்றர் குறைகிறது. சாரதியுடன் 1,000 கிலோகிராம் நிறையுள்ள எம்.ஜி.பி., அந்த இறக்கத்தில் சுமார் 13 மெகாயூல் சக்தியை எங்காவது கொட்டித் தீர்க்க வேண்டும். பின்தட்டில் மரக்கறி மூட்டைகளுடன் 3,000 கிலோகிராமை எட்டும் கெப், ஏறக்குறைய 40 மெகாயூலைக் கொட்ட வேண்டும். அந்தச் சக்தி 120 லீற்றர் அளவு குளிர்ந்த தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வரப் போதுமானது. காற்றின் எதிர்ப்பும் டயரின் உருளல் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்; மீதியை எஞ்சினோ பிரேக்கோதான் ஏற்க வேண்டும்.

பிரேக் என்பது சக்தியை வெப்பமாக மாற்றும் கருவி மட்டுமே. தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் வெப்பம் வெளியேற நேரமிருக்காது. முதலில் பிரேக் பட்டையின் உராய்வு குறைந்து, பெடலை வழக்கத்தைவிட அழுத்தமாக மிதிக்க வேண்டியிருக்கும். எரிந்த நாற்றமும் வரும். அதற்கு மேலும் சூடானால் குழாயில் உள்ள பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழிகள் உருவாகும். எண்ணெயை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம் என்பதால், பெடல் எதிர்ப்பே இல்லாமல் அடிவரை போய்விடும். டொட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரநிர்ணயம். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேர்ந்த எண்ணெய்க்கு அதே தரநிர்ணயம் கோருவது 155 பாகை மட்டுமே. ஆண்டின் பெரும்பகுதி பனியும் மழையுமாக இருக்கும் மலைநாட்டில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது அந்த எண்ணெயை மாற்றுவது கார், கெப் என்ற பேதமில்லாமல் இரண்டுக்கும் கட்டாயம் என்றே நான் கருதுகிறேன். எம்.ஜி.பி. வைத்திருப்பவர் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்: 1960களின் கார்களில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுதான், ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். புதிய வாகனங்களில் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அத்துடன் சில்லு இறுகிச் சறுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., வளைவில் வழுக்கத் தொடங்கினால் தனிச் சில்லொன்றைத் தானே பிடித்து வாகனத்தை நேராக்கும் ஏற்பாடு, காற்றுப்பை ஆகியவை பழைய காரில் அறவே இல்லை. விபத்து என்று ஒன்று நேருமானால் எந்த வாகனத்துக்குள் இருப்பது நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை, அது கெப்தான்.

பிரேக்கைக் காப்பாற்றும் வழி, எஞ்சினைக் கொண்டு வேகத்தை அடக்குவது. பெற்றோல் எஞ்சினில் எக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்றுப் பாதை மூடப்படுகிறது. பிஸ்டன்கள் வெற்றிடத்துக்கு எதிராக இழுபட வேண்டியிருப்பதால் எஞ்சின் வாகனத்தைப் பின்னிழுக்கிறது. நிறை குறைந்த எம்.ஜி.பி.யில் இரண்டாம் அல்லது மூன்றாம் கியரே இதற்குப் பெரும்பாலும் போதும். டீசல் எஞ்சினில் பொதுவாகக் காற்றுப் பாதை அவ்வாறு இறுக மூடப்படுவதில்லை. அழுத்தப்பட்ட காற்று மீண்டும் பிஸ்டனைத் தள்ளிவிடுவதால், பின்னிழுக்கும் பலம் எஞ்சினின் பருமனுக்கு நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு இருப்பதில்லை. தன்னியக்கக் கியர் உள்ள கெப்பை ‘டி’ நிலையிலேயே விட்டு இறங்குபவர், வாகனம் தானாக உயர்ந்த கியருக்கு மாறி, முழுச் சுமையையும் பிரேக்கின் மீது போடுவதை உணராமல் இருந்துவிடலாம். நானுஓயா – ரதெல்ல குறுக்கு வீதியைப் போன்ற செங்குத்தான இறக்கத்தில் நுழைவதற்கு முன்பே, கியர் நெம்புகோலைக் கையியக்க நிலைக்கு மாற்றி, அதே சரிவை ஏறுவதற்குத் தேவைப்படும் கியரில் வாகனத்தை வைத்துக்கொள்ள வேண்டும். பாதி இறங்கிய பின், வேகம் கூடிவிட்ட நிலையில், கியரைக் குறைப்பது கடினம்.

கெப்பில் நான்கு சில்லு இயக்கம் இருக்கிறதே, அது வளைவிலும் இறக்கத்திலும் காப்பாற்றாதா என்று கேட்பவர்கள் உண்டு. சேற்றிலும் சரளையிலும் வழுக்கும் புல்லிலும் அது மிகவும் பயன்படும். ஆனால் ஹைலக்ஸில் பெரும்பாலும் பொருத்தப்படும் வகையில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. உலர்ந்த தார் வீதியில் இறுக்கமாகத் திரும்பும்போது முன்சில்லுகள் பின்சில்லுகளைவிடக் கூடுதலான தூரம் ஓட வேண்டியிருப்பதால், பூட்டிய அச்சுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஆகவே தார் வீதியில் இரண்டு சில்லு இயக்கமே சரி. நான்கு சில்லு இயக்கம் முன்னே தள்ளுவதற்கு உதவுமேயன்றி, நிறுத்துவதற்கான பிடிமானத்தைக் கூட்டாது.

கெப்பின் பின்தட்டில் பாரம் ஏற்றும் முறையும் இதே கணக்கில் சேரும். கனமான மூட்டைகளை அடியிலும், சாரதி அறையை ஒட்டிப் பின் அச்சுக்கு முன்னாலும் அடுக்க வேண்டும். பாரம் பின் அச்சைத் தாண்டி வால்பக்கமாக இருந்தால், அது முன்சில்லுகளைத் தூக்கிவிடும். ஸ்டீயரிங் இலேசாகி, திருப்பும்போது முன்டயர்களின் பிடிமானம் குறையும். மூட்டைகளைக் கூரை உயரத்துக்கு அடுக்கினால் புவியீர்ப்பு மையம் மேலும் உயர்ந்து, வளைவில் சாய்வு கூடும். பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்கின் ஒளியும் மேல்நோக்கிப் போய், மூடுபனியில் பட்டுத் திரும்பிச் சாரதியின் பார்வையை மறைக்கும், எதிரே வருபவரின் கண்ணையும் கூசச் செய்யும். பல புதிய கெப் வாகனங்களில் ஒளியைத் தாழ்த்துவதற்கென்று ஸ்டீயரிங்குக்கு அருகே எண்கள் குறித்த ஒரு சிறு சக்கரம் இருக்கிறது; பாரம் ஏற்றி முடித்ததும், வண்டியை எடுப்பதற்கு முன்பே, அதைப் பாரத்துக்கு ஏற்ற எண்ணுக்குத் திருப்பிவிட வேண்டும்.